அயலகத் தொண்டும் ஆயத்தமும்

தமிழர் பிரிவையும் பகுத்துக் கண்டவர்கள். ஓதல், காவல், பகைதணிவினை, வேந்தர்க்கு உற்றுழி உதவல், பொருள், பரத்தை எனப் பிரிவினை ஆறாக வகைப்படுத்துகிறது இறையனார் களவியல். கற்பதற்காகப் பிரியலாம், பொருளீட்டப் பிரியலாம், அரசனுக்காகப் பிரியலாம். ஆனால் முன்பின் அறியாத நாட்டிற்குச் சென்று, ஊதியம் கருதாமல், அங்குள்ளார்க்குப் பணிசெய்து மீளுதல் என்னும் பிரிவொன்றை நம் இலக்கண நூலார் தனியே எண்ணவில்லை. கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்றும் தொல்காப்பியம் கூறும். இவ்விரண்டையும் ஒருசேரக் கடந்துவிட எண்ணிய மாணவி ஒருவர், ஈராண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை நம் துறை வாயிலில் வந்து நின்றார்.

அம்மாணவி நம்மிடம் முதற்பகுதித் தமிழ் பயின்ற வணிகவியல் மாணவி. தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் பணிபுரிபவர். தாயார் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குச் செல்பவர். தென் செருமனியில் முதியோர் இல்லம் ஒன்றில் ஓராண்டு தொண்டாற்ற அம்மாணவிக்கு வாய்ப்புக் கிட்டியிருந்தது. ‘என்னென்ன எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும்?’ என்பதே அவர் வினா. கம்பளிச் சட்டை, ஊறுகாய், சிறிய குக்கர், அந்நாட்டு மின்செருகிக்கு ஏற்ற இணைப்பான் என்று தெருவிலுள்ளோர் சொன்ன பட்டியல் முன்னரே அவர் கையில் இருந்தது. நம்மிடம் அவர் வந்ததில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் கடல் கடந்ததில்லை. கடவுச்சீட்டும் நம்மிடம் இல்லை. ஆயினும் கடல் கடந்து இங்கு வந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஒருவர்க்குத் தமிழ் கற்பித்தும் இருக்கிறோம். அவ்வளவே நம் தகுதி.

இத்தகைய பயணங்கட்கு இன்று ஒழுங்கான ஏற்பாடுகள் உள்ளன. இங்கிலாந்தில் 1958ஆம் ஆண்டு தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பும், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1961இல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பும் இவ்வகையில் முன்னோடிகள். பீஸ் கோர் தொண்டர்கள் 1961 முதல் 1976 வரை இந்தியச் சிற்றூர்களில் பணியாற்றினர். (அதனை ‘அமைதிப் படை’ என மொழிபெயர்க்க நமக்கு மனமில்லை, 1987க்குப் பின் அச்சொல் தமிழர் நெஞ்சில் வேறொன்றை நினைவூட்டும்.) செருமானிய அரசு 2008இல் ‘வெல்ட்வெர்ட்ஸ்’, அதாவது ‘உலகை நோக்கி’, என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டு முதல் இருபத்தெட்டு அகவை வரையுள்ள இளையோர் அதன்வழி ஆறு திங்கள் முதல் ஈராண்டு வரை பிறநாடுகளில் பணிசெய்யலாம். 2013 முதல் அது இருவழிப் பாதையாயிற்று. நம் நாடு போன்ற நாடுகளின் இளையோரும் அங்குச் சென்று தொண்டாற்றலாயினர். செருமனியில் 2011இல் கட்டாயப் படைப்பணி நிறுத்தப்பட்டபோது, அதற்கு மாற்றாக இளைஞர்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் செய்துவந்த பணியும் நின்றுபோயிற்று. அவ்விடத்தை நிரப்ப அதே ஆண்டில் கூட்டாட்சித் தன்னார்வப் பணி என்னும் ஏற்பாடு வந்தது. நம் மாணவி போன்றோர் சேர்வது அதில்தான். தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, சிறு கைச்செலவுத் தொகை ஆகியன உண்டு. சம்பளம் என்பது இல்லை.

வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்தில் நம் கருத்தை ஈர்த்தது ஒன்று. தொண்டர் ஒவ்வொருவர்க்கும் இருபத்தைந்து நாள் பயிலரங்கு வேண்டும் என்பது அதன் நெறி. அவற்றுள் சில புறப்படுமுன், சில பணியின் இடையே, சில நாடு திரும்பிய பின். திரும்பிய பின்னும் பயிற்சி எதற்கு என்று அம்மாணவி கேட்டார். அவ்வினாவிற்கு விடைகூற நாம் முந்நூறு ஆண்டு பின்னே தரங்கம்பாடிக்குச் செல்ல வேண்டியிருந்தது.

1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறிய சீகன்பால்கு என்னும் செருமானியர் 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். அகவை இருபத்து மூன்று. அவர்தம் சமயப் பணி ஈண்டு நம் பொருளன்று. தம்மை அவர் ஆயத்தம் செய்துகொண்ட முறையே பொருள். புறப்படுமுன் தமிழ் கற்க அவர்க்கு வழியே இருக்கவில்லை. ஏழு திங்கட் கடற்பயணத்திலும் துணைக்கு ஒரு தமிழ் நூல் இல்லை. கோட்டையிலிருந்த டேனியத் தலைவரோ அவரை முகங்கொடுத்து ஏற்கவில்லை. துறைமுகத்தில் போர்த்துக்கீசியம் வழங்கியது. அதனைக் கற்றால் வணிகரோடும் துபாசிகளோடும் பேசலாம்; ஊராரோடு பேச இயலாது. எனவே அவர் முதிய தமிழாசிரியர் ஒருவரை அழைத்து, அவர்தம் திண்ணைப் பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்தச் செய்தார். சிறுவர்களோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கற்றார்.

இக்காட்சியை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். பல்கலைக்கழகம் சென்று வந்த ஐரோப்பியர் ஒருவர் ஐந்து அகவைக் குழந்தையின் அருகில் அமர்ந்து ‘அ’ எழுதுகிறார்; எழுத்துப் பிழைத்தால் அக்குழந்தை திருத்துகிறது. சிரிப்பிற்குரிய காட்சிதான். ஆயினும் பிறநாட்டில் பணிசெய்யச் செல்வார்க்கு இதனினும் சிறந்த ஆயத்தம் ஒன்றை நாம் அறியோம். கொடுப்பதற்காக வந்தவர் முதலில் பெறுபவராகிறார்; கற்பிக்க வந்தவர் முதலில் திருத்தப்படுபவராகிறார்.

இவ்வாறு அமர்ந்ததன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1708ஆம் ஆண்டிலேயே தாம் திரட்டிய 119 தமிழ் நூல்களுக்கு அவர் விளக்கப் பட்டியல் எழுதினார். 1716இல் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சேறியது. இடையே 1713இல், தென்னாட்டு மக்கள் வழிபடும் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதித் தம்மை அனுப்பியவர்கட்கு விடுத்தார். ஹாலேயிலிருந்த பெரியவர்கள் அதனை அச்சிட மறுத்தனர். அந்நம்பிக்கைகளை அகற்ற அனுப்பினோமே அன்றி, அவற்றை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர்கள் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் 1719இலேயே மறைந்துவிட்டார். சென்றவர் மாறிவிடுகிறார், அனுப்பியவர் மாறாதிருக்கிறார். திரும்பிய பின்னும் பயிற்சி வேண்டும் என இக்காலத்தார் விதித்ததன் காரணம் இதில் உள்ளது என்று அம்மாணவிக்குக் கூறினோம். அம்பத்தூர் அப்படியே இருக்கும். நீங்கள் அப்படியே இருக்கமாட்டீர்கள்.

இனி, நம் சொந்தப் பிழை ஒன்றைக் கூற வேண்டும். சில ஆண்டுகட்கு முன் பூவிருந்தவல்லிக்கு அப்பால், சிறப்புக் குழந்தைகட்கான பள்ளி ஒன்றில் பணிசெய்ய ஐரோப்பிய இளம்பெண் ஒருவர் வந்தார். அவர்க்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மகிழ்ச்சியோடு ஏற்றோம். எழுத்து, புணர்ச்சி, வேற்றுமை என ஆறு வாரம் முறையாக நடந்தது. ஒருநாள் அவர் பூவிருந்தவல்லிப் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடையில், ‘ஐயா, நான் தேநீர் அருந்த விரும்புகிறேன்’ என்று கூறியிருக்கிறார். கடையிலிருந்தோர் அனைவரும் எழுந்து பார்த்தார்களாம். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்! நாடக மேடையிலிருந்து வந்தவர்போல் தம்மை எல்லாரும் பார்ப்பதாக அவர் நம்மிடம் வருந்திக் கூறினார். பள்ளிக் குழந்தைகளோ அவர் பேசியதைத் தமிழென்றே எண்ணவில்லை.

குற்றம் நம்முடையதே. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இரண்டாகக் கிடக்கும் மொழி நம்முடையது. மேடையில் நின்று பேசுவதற்குரிய மொழியைக் கொண்டு குழந்தைக்குச் சோறூட்ட இயலாது. அதன்பின் பாடத்தை நிறுத்திவிட்டுப் பள்ளியின் சமையல் அம்மாவிடம் அவரை அனுப்பினோம். காய் நறுக்கியும் டிபன் டப்பா கழுவியும் இரண்டு திங்களில் அவர் கற்ற தமிழ் நம்மிடம் கற்றதினும் பன்மடங்கு. தலைமையாசிரியை அம்மையாரையும் ‘நீ’ என்றே விளித்துவந்தார் என்பது வேறு. குழந்தைகளிடம் கற்ற மொழி அவ்வாறுதான் இருக்கும். அதனைச் சமையல் அம்மாவே திருத்தினார்.

வந்த புதிதில் அவர் அப்பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் பூச ஒரு திட்டம் வரைந்து வைத்திருந்தார். அழகிய திட்டம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ‘சரி, சரி’ என்றனர். ஆனால் எதுவும் நடக்கவில்லை. நம்மவரின் ‘சரி’ உடன்பாடு அன்று என்பதை அவர் அறிய நான்கு திங்கள் ஆயிற்று. பின்னர் நான்காம் திங்களில், கழிப்பறைக்குச் செல்லும் வழியில் கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று ஆயாக்கள் தமக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அதனைப் புரிந்துகொள்ளும் அளவிற்கு அப்போது அவர்க்குத் தமிழ் வந்திருந்தது. கம்பி பொருத்தப்பட்டது. இன்றும் அது அங்குள்ளது.

நம் மாணவிக்கும் இதே இடர் மறுபுறத்தில் காத்திருந்தது. நுங்கம்பாக்கத்திலுள்ள மாக்ஸ் முல்லர் பவனில் செருமானிய மொழி பயிலச் சேர்ந்தார். அம்பத்தூரில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரல் இறங்கி, பூங்கா நிலையத்தில் வேறு வண்டி மாறிச் செல்ல வேண்டும். வண்டியிலேயே வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்தார். ஆயினும் அங்குக் கற்பிப்பது பொதுச் செருமானியம். தென் செருமனியின் முதியோரோ தத்தம் வட்டார வழக்கிற் பேசுவோர். அவர் பேசுவது அவர்கட்கு விளங்கும். அவர்கள் பேசுவது அவர்க்கு விளங்காது. நம் தேநீர்க் கடைக் கதையை அவர்க்குக் கூறியபோது முதலில் சிரித்தார். பின்னர்ச் சிந்தனையில் ஆழ்ந்தார். நம்மொழியின் ‘நீ’, ‘நீங்கள்’ போன்றே அம்மொழியிலும் ‘டூ’, ‘ஸீ’ என இரண்டு உண்டு என்பது மட்டும் அவர்க்கு ஆறுதல். அவ்வேறுபாட்டை ஆங்கிலேயர்க்கு விளக்குவதைவிடத் தமிழர்க்கு விளக்குவது எளிது.

மொழியைக் கடந்த ஆயத்தமும் ஒன்றுண்டு. அதற்குக் காந்தியடிகள் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காட்டினோம். தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கிற்காக 1893இல் தென்னாப்பிரிக்கா சென்றவர் அவர். அடுத்த ஆண்டு டர்பனில் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, குருதி வழிய அவரிடம் வந்தார். வந்தவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளையர் முன் அவ்வாறு நிற்க வேண்டும் என்பது தொழிலாளர்மேல் சுமத்தப்பட்டிருந்த வழக்கம். அதனையே இவரிடமும் காட்டினார். காந்தியடிகள் தலைப்பாகையை மீண்டும் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரத்தின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை அவர் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார். இருவரிடையேயும் பொதுமொழி இல்லை. காந்தியடிகளின் எழுத்தர் தமிழர் ஆதலின் அவரே மொழிபெயர்த்தார். ஆனால் தலைப்பாகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. டர்பன் நீதிமன்றத்தில் தம் தலைப்பாகையையே கழற்றுமாறு ஆணையிடப்பட்டு வெளியேறியவர் அவர்.

1896இல் கப்பற்பயணத்தின்போது, கப்பல் மருத்துவர் தந்த தமிழ்த் தற்கல்வி நூல் ஒன்றைக் கொண்டு அவர் தமிழ் பயிலத் தொடங்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் அதனைத் தொடர்ந்தார். ஆயினும் தமக்குத் தமிழில் பேச வரவேயில்லை என்று அவரே ஒப்புக்கொண்டுள்ளார். தமிழர்க்காக அத்துணை உழைத்தவர் கூறுவது இது. மொழியில் முழுமை பெற்ற பின்னரே பணி என்று காத்திருப்போர்க்கும், மொழியே வேண்டா என்று புறப்படுவோர்க்கும் இதில் செய்தி உண்டு.

இதற்கு மாறான எடுத்துக்காட்டையும் மறைக்கலாகாது. பயணிகளுள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் இப்னு பதூதா, 1343-44 அளவில் மாலத்தீவில் நீதிபதியாக அமர்ந்தார். அவ்வூர்ப் பெண்டிர் மேலாடையின்றி நடமாடும் வழக்கத்தை மாற்ற ஆணையிட்டுப் பார்த்தார். இயலவில்லை என்று அவரே எழுதிவைத்தார். அவர்கள் முன்னரே முசுலிம்கள்; அவரினும் நெடுங்காலம் அத்தீவில் வாழ்ந்தவர்கள். சமயம் ஒன்றாயினும் வழக்கம் வேறாகும் என்பதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. நீதிபதிக்கே இயலாதது, ஓராண்டிற்கு வரும் தொண்டர்க்கு இயலுமா?

அம்மாணவியின் தந்தையார் ஒருநாள் கல்லூரிக்கு வந்தார். பட்டறை எண்ணெய்க் கறை கையில் இருந்தமையால் நாற்காலியில் அமரத் தயங்கினார். அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுதச் செய்தது. “சார், எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்க. வீட்டுல பாக்க ஆளில்ல. இது அங்க போயி எவங்க வீட்டுக் கெழவிக்கோ பணிவிடை செய்யணுமா?”

நாம் உடனே விடை கூறவில்லை. 1938இல் இந்திய மருத்துவக் குழுவோடு சீனா சென்று, அம்மொழி கற்று, காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்து, 1942இல் முப்பத்திரண்டாம் அகவையில் அங்கேயே மறைந்த கோட்னிஸ் அவர்களைப் பற்றிக் கூறலாமா என எண்ணினோம். நோயுற்ற தாயை வீட்டில் வைத்திருப்பவரிடம் அது விடையாகாது. அவர் கேட்டது நேர்மையான கேள்வி. வீட்டில் செய்யாத பணியை அயலகத்தில் செய்தல் தொண்டா, வேடிக்கை பார்த்தலா என்று கேட்க அவர்க்கு உரிமை உண்டு. பாட்டியைக் கவனித்துவந்த தாயார் கம்பெனியில் அரைநாள் வேலைக்கு மாற வேண்டியிருந்தது. மகள் பெறும் கைச்செலவுத் தொகை அவ்விழப்பை ஈடுசெய்யப் போவதில்லை. மகளின் தொண்டிற்கு விலை கொடுத்தவர் தாயார். அக்கணக்கை நாம் இன்றும் நேர்செய்ய இயலவில்லை.

வழி கண்டவர் தந்தையாரே. “மொதல்ல ஒரு மாசம் ஆயாவப் பாரு. அப்பறம் போலாமா வேணாமான்னு சொல்றேன்” என்றார். மாணவி ஒப்புக்கொண்டார். முதல் வாரத்தில் ஆயா அவரைத் தொடவே விடவில்லை. பேத்தி கையால் குளிப்பதற்குக் கூசினார். எப்பக்கமாகச் சாய்த்துத் தூக்கினால் வலிக்காது, கஞ்சியை எவ்வளவு நேர இடைவெளியில் ஊட்டுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பனவற்றை அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார். நாம் அந்நோட்டைப் பார்த்தோம். ‘தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும்’ என்று மூன்று இடங்களில் எழுதி, அடிக்கோடிட்டிருந்தார். இறுதிப் பக்கங்களில் அவற்றிற்குரிய செருமானியத் தொடர்களையும் எழுதியிருந்தார். பயிலரங்கு எதிலும் இப்பாடம் இவ்வாறு அமையுமா என்பது ஐயமே. மாத முடிவில் தந்தையார் கையொப்பமிட்டார்.

ஏனைய ஆயத்தங்கள் விரைவில் முடிந்தன. நீண்டகாலத் தங்கலுக்குரிய விசா, சென்றவுடன் உள்ளூர் அலுவலகத்தில் முகவரிப் பதிவு, ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் அடைத்திருக்கும் என்பது, அன்று ஓசை எழுப்பும் வேலைகளைச் செய்யலாகாது என்பது, குப்பையை வகைபிரித்துப் போடுதல், டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்பது. இவையெல்லாம் எழுதிக் கொடுத்தால் விளங்கக்கூடியவை. நோன்பு நோற்கும் மாணவர் கோடைகாலத்தில் ரமலான் வருமாயின் அங்குப் பகற்பொழுது நம்மூரினும் பல மணி நேரம் நீளும் என்பதையும், இறைச்சி வாங்குமுன் கேட்டறிய வேண்டும் என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். புதியவரிடம் சம்பளமும் திருமணமும் வினவுவது நம்மூரில் அன்பு, அங்கு அத்துமீறல். அவர்கள் முகத்திற்கு நேரே ‘இல்லை’ என்பது சினமன்று.

ஒன்றை மட்டும் நாம் அம்மாணவிக்குப் பலமுறை பயிற்றுவித்தோம். ‘எனக்கு விளங்கவில்லை, மறுபடியும் கூறுங்கள்’ என்னும் தொடர். முதியோர்க்கு மருந்து கொடுக்கும் இடத்தில் விளங்காமல் தலையசைத்தல் உயிர்க்கு ஊறாகும். நம் மாணவர்க்கு இத்தொடர் வாராது. ‘புரிந்ததா?’ என வகுப்பில் நாம் கேட்டால், எழுபது குரல்கள் ‘புரிந்தது’ என்னும். புரியவில்லை என்பவரை இருபது ஆண்டுகளாக நாம் எவ்வாறு பார்த்துவந்தோம் என்பதை எண்ணிப் பார்க்கையில், இக்குறைக்கு வித்திட்டவர் யார் என்பது விளங்குகிறது. முதலில் தமிழில் சொல்லப் பயின்றார். நம் எதிரிலேயே, நம் பாடத்தின் இடையிலேயே. செருமானியத்தில் சொல்வது அதன்பின் எளிதாயிற்று.

சென்ற முதல் மூன்று வாரங்களில் அவரை முதியோர் அருகில் விடவில்லை. துணி மடிக்கும் அறையில் அமர்த்தினர். மனம் சோர்ந்து நமக்கு எழுதினார். நாலாம் வாரத்தில், தாம் சொன்ன சொல் ஒன்றை எண்பத்தேழு அகவை மூதாட்டி ஒருவர் சிரித்துத் திருத்தினார் என்று எழுதினார். அம்மடலில் சோர்வு இல்லை.

தந்தையார் அண்மையில் மீண்டும் கல்லூரிக்கு வந்தார். தொலைபேசியில் முகம் காட்டிப் பேசும்போது அம்மூதாட்டியும் ஆயாவும் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டனராம். ‘நலமா?’ என்பதற்குச் செருமானியத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று ஆயா கேட்கிறார். எழுதித் தர இயலுமா என்றார். நமக்குத் தெரியவில்லை என்றோம். “பரவால்ல சார், பொண்ணுகிட்டயே கேட்டுக்கறோம்” என்று கூறிவிட்டு, இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று விடைபெற்றார்.